விரல் போதும்

பெரியவர் வக்கீலம்மாவின் மேஜைக்கு எதிரே உட்கார்ந்து, வாயால் யாரையோ திட்டிக்கொண்டும் கட்டைவிரலால் செல்போனைத் தட்டிக்கொண்டும் இருந்தார். இந்த வயதிலும் விளையாட்டுப் புத்தி போகவில்லையே என்று வக்கீலம்மா மனசுக்குள் தலையில் அடித்துக்கொண்டாள்.

பக்கத்தில் அவர் மகள். படிப்புக் கடனைக் கடைசிப் பைசா வரை அடைத்தவள் அவள். ஆனால் யார் கடனைக் கட்டினார், யார் கட்டவில்லை என்று ஊருக்கெல்லாம் சொல்லும் கம்பெனியின் பதிவில் இன்னும் 'கட்டாதவள்'. அதைப் பார்த்துவிட்டு, கைக்கு வந்த வேலையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள்.

"இவ புகார் கொடுத்தா. 'சரிபார்த்தோம், பதிவு சரியே'ன்னு ஒத்தை வரியில பதிலாம். ரசீதைத் திறந்துகூடப் பாத்திருக்க மாட்டான், தண்டச்சோறு" என்றார் பெரியவர். விரல் நிற்கவில்லை.

"நீங்க என்ன பண்றீங்க சார்?"

"ரிடையர்டு. கைச்செலவுக்குப் போன்லயே ஒரு வேலை. மூளை வேணாம், விரல் போதும்."

ஆளுக்கேற்ற வேலைதான் என்று நினைத்துக்கொண்டு வக்கீலம்மா மகளிடம் திரும்பினாள். "நீ மட்டும் வந்தாலே போதுமேம்மா. அப்பாவை எதுக்கு அலைய வெச்சே?"

"அவர் வந்தாத்தான் கேஸ் நிக்கும் மேடம்."

பெரியவருக்கு உச்சி குளிர்ந்துபோனது. "அந்தப் பயலைக் கூண்டுல ஏத்தணும். ஒரு பொண்ணு பொழைப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டு எப்படித்தான் சோறு எறங்குதோ!"

"கம்பெனி மேல கேஸ் போடலாம், நஷ்ட ஈடும் கேக்கலாம்" என்றாள் வக்கீலம்மா. "ஆனா புகாரைப் பாக்கற வேலையை வெளியாளுங்களுக்குக் கூலிக்கு விட்டிருக்காங்க. வீட்ல உக்காந்துகிட்டு, படிக்காமலே 'சரி, சரி'ன்னு தட்டிவிடற கூட்டம். உன் புகாரைத் தட்டினவனைப் புடிச்சிட்டா பாதி ஜெயிச்ச மாதிரி. பதில்ல வெறும் ஆள் நம்பர்தான் இருக்கு. பேரைச் சொல்ல மாட்டாங்க."

பெரியவரின் விரல் நின்றது.

மகள் அவர் கையிலிருந்து போனை உருவி மேஜைமேல் வைத்தாள். திரையின் மூலையில் அதே நம்பர் இருந்தது.

"பேர் எதுக்கு மேடம்? ஆளையே கூட்டிட்டு வந்திருக்கேன்."