கட்டிலுக்கு அடியில் பேட்டரி

கேரவனுக்குள் இருந்தவர்கள் நாலு பேர்: பெரியவர், அவருடைய மகன், மருமகள், எலக்ட்ரீஷியன். நாலு பேருக்கே மூச்சு முட்டுகிற இடம். ஒருவர் திரும்ப வேண்டுமென்றால் இன்னொருவர் வயிற்றை எக்க வேண்டும்.

காருக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற சின்ன ஃபைபர் வண்டி. பழையது, முட்டை ஓடு மாதிரி வெள்ளையாக, வழவழவென்று இருந்தது. ஒரு கட்டில், ஒரு அடுப்பு மேடை, ஒரு கதவு. காலையில் அதை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியபோதே பெரியவருக்கு விஷயம் விளங்கிவிட்டது.

போன வாரம் மகனின் அறையைக் கடந்து போகும்போது காதில் விழுந்திருந்தது. "இனிமே ஒரே கூரைக்குக் கீழ முடியாது." சொன்னது மகன். மருமகள் அழுதுகொண்டிருந்தாள்.

மனைவி போன கையோடு வீட்டை மகன் பெயருக்கு எழுதிக் கொடுத்தவர் அவர். கூரை யாருடையது என்பதில் சந்தேகமில்லை. யார் வெளியே போக வேண்டும் என்பதிலும் இல்லை. நேராகக் கேட்டுவிடலாம்தான். கேட்டால் பதில் வந்துவிடுமே.

அவருக்குத் தெரிந்தது வேறு வழி. ஆலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர். அங்கே அவருக்கு 'நொட்டை' என்று பட்டப்பெயர். அவர் வாயால் சரி என்று வராமல் ஒரு மெஷினும் ஓடாது. வீட்டிலும் அப்படியே: மருமகள் வைத்த டம்ளர் சரியில்லை, மகன் மூடிய குழாய் சரியில்லை. அதெல்லாம் அக்கறை என்பது அவர் கட்சி.

இந்த வண்டி விஷயத்தில் மருமகளே அவரை நம்பியிருந்தாள். மாமா பார்த்துச் சரி என்று சொல்லாமல் இதில் யாரும் தலை வைத்துப் படுக்கக் கூடாது என்று சொல்லிவிட்டாள். அப்படியானால் சரி என்று சொல்லாமலே இருந்துவிட்டால் போயிற்று.

கட்டில் பலகையைத் தூக்கினார். அடியில் பேட்டரி உட்கார்ந்திருந்தது.

"இதுக்கு மேலயா படுக்கிறது?"

பழைய வண்டிகளில் அப்படித்தான் இருக்கும் என்றார் எலக்ட்ரீஷியன். பெரியவர் விடவில்லை. ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது கேஸ் விடும், இந்த டப்பாவுக்குள் அது தேங்கி நிற்கும், அப்புறம் ஒரு பொறி போதும் என்றார். தூங்குகிறவன் தூங்கியபடியே போய்ச் சேர வேண்டியதுதான்.

மருமகளின் முகம் வெளுத்தது. உடனே இடம் மாற்றச் சொன்னாள். பெரியவர் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டார். இந்தத் தீப்பெட்டிக்குள் எங்கே மாற்றுவார்களாம்?

உள்ளே மாற்றவில்லை. வண்டியின் மூக்கில், காரோடு மாட்டுகிற கொக்கிக்குப் பின்னால், வெளியே ஒரு பெட்டி அடித்து அதற்குள் பேட்டரியை இறக்கினார் எலக்ட்ரீஷியன். கேஸ் வந்தால் காற்றோடு போய்விடும். மத்தியானத்துக்குள் வேலை முடிந்தது.

வெளியே இருந்தால் திருடன் தூக்கிவிடுவான் என்றார் பெரியவர். இரும்புப் பட்டை போட்டு இறுக்கினார்கள். ஒயர் உரசித் தீப்பிடிக்கும் என்றார். பேட்டரியை ஒட்டியே ஃப்யூஸ் வைத்து, ஒயருக்கு உறை மாட்டினார்கள். தீப்பிடித்தால் ஓடுவதற்கு ஒரே கதவுதானே என்றார். மகன் போய், பின் ஜன்னலை ஆள் குதிக்கிற அளவுக்குத் திறக்கும்படி செய்துவிட்டு வந்தான்.

"ஐயா, எங்க மாமியாரே இவ்வளவு குத்தம் கண்டுபிடிச்சதில்ல," என்றார் எலக்ட்ரீஷியன். யாரும் சிரிக்கவில்லை.

பெரியவர் தோண்டுகிற ஓட்டையையெல்லாம் அவர்கள் அடைத்துக்கொண்டே வந்தார்கள். எரிச்சலில் பெரியவர் கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தார். தலை கூரையில் மடாரென்று இடித்தது. அவர் நெட்டை. மகன் அம்மாவைக் கொண்டு பிறந்தவன். கூரைக்கும் அவன் உச்சிக்கும் நடுவே ஒரு சாண் மிச்சமிருந்தது.

"கூரை தட்டுது," என்றார்.

"அது பரவாயில்லப்பா."

பரவாயில்லையாம். கூன் போட்டுக்கொண்டே கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான், பெற்ற பிள்ளை.

"வேற ஏதாவது இருக்காப்பா?" என்று கேட்டான் மகன். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பெரியவர் சுற்றிப் பார்த்தார். நாலு பக்கமும் வெள்ளைச் சுவர், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில். எத்தனையோ மெஷின்களை ஓடவிடாமல் நிறுத்தியவருக்கு இங்கே ஒன்றும் அகப்படவில்லை. எல்லாவற்றையும் அவரே சொல்லிச் சொல்லிச் சரி பண்ண வைத்திருந்தார்.

"இல்ல," என்றார். "சரியா இருக்கு."

மருமகள் பெருமூச்சு விட்டாள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ரொம்ப தேங்க்ஸ் மாமா என்றாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவள் அப்படிச் செய்ததில்லை. வெளியே தள்ளுவதும் தள்ளிவிட்டு நன்றி வேறா என்று நினைத்துக்கொண்டார்.

மருமகளும் எலக்ட்ரீஷியனும் முதலில் இறங்கினார்கள். அடுத்து அவர் இறங்கினார். பின்னாலேயே வந்த மகன் கதவைச் சாத்திப் பூட்டினான்.

பெரியவர் சாவிக்குக் கையை நீட்டினார். தன் துணிமணியை இப்போதே கொண்டுவந்து வைத்துவிடுவதாகச் சொன்னார். குரல் உடையாமல் பார்த்துக்கொண்டார்.

மகன் அந்தக் கையைப் பார்த்தான். பிறகு சாவியைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நீங்க வீட்டுலயே இருங்கப்பா. போறது நாங்க."