கொடியில் காயும் துணி

கருக்கலைப்பு குற்றம் என்று சட்டம் வந்தபின், எந்த வீட்டுக் கொடியில் மாதத் துணி காயவில்லை என்று பார்த்து எழுதிவரும் வேலை போலீஸ்காரி பரிமளத்தின் தலையில் விழுந்தது. நாள் தள்ளிப்போனவளைக் குறித்துக்கொண்டால், பிறகு பிள்ளை எங்கே என்று கேட்கலாம் அல்லவா? முதல் மாதம் ஏழு பேர் சிக்கினார்கள். அதில் மூன்று பேருக்கு வெறும் ரத்தசோகை. இரண்டாம் மாதம் தெரு முழுக்கக் கறைத் துணிகள் தொங்கின. பாவாடைக்கு அடியில் ஒளித்துக் காயவைத்தவர்கள் வாசலிலேயே விரித்துப் போட்டிருந்தார்கள். எல்லாம் ஒரே பீட்ரூட் நிறம். எழுபது வயது மரியபுஷ்பத்தின் கொடியிலும் ஒன்று.

“இந்த வயசுலயா?” என்றாள் பரிமளம்.

“ஏன், வரக்கூடாதா? எழுதிக்க தாயி.”

அதிகாரிக்கு என்ன பதில் சொல்வது என்ற எரிச்சலோடு வீடு திரும்பினாள். அவளுக்கே ஐம்பது நாள் ஆகியிருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. கொல்லைக் கொடியில் அவளுடைய பழைய சேலைக் கிழிசல் ஒன்று, அதே பீட்ரூட் கறையோடு, ஈரம் சொட்டிக்கொண்டிருந்தது.

மாமியார் சிவந்த விரல்களை முந்தானையில் துடைத்தபடி வந்தாள்.

“உன்னுதையும் அலசிப் போட்டுட்டேன். எழுதுறதுன்னா எழுதிட்டுச் சாப்பிட வா.”