சத்தம் போட்டுக் காட்டுங்க

மூன்று தடவை கூப்பிட்டும் பட்டறைக்காரன் திரும்பவில்லை. குனிந்த தலை நிமிராமல் ஒரு ஜீப்பின் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

பழனிமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. சேந்தமங்கலத்தில் ஐந்து ஏக்கர் தோட்டக்காரர். அவர் ஒரு கனைப்புக் கனைத்தால் ஊரில் நாலு பேர் எழுந்து நிற்பார்கள். இங்கே என்னடாவென்றால் ஹாரன் அடித்தும் மதிப்பில்லை.

அவசரம் அவருக்கு. மலைமேல் தேவனூர் நாட்டில் டீச்சராக இருக்கும் மகள் கௌசிகாவுக்கு இது ஒன்பதாவது மாதம். பிரசவத்துக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். அவளை ஏற்றிக்கொண்டு சோளக்காடு வந்து சேர்வதற்குள் காரின் முன்சக்கரத்தில் ஏதோ உரச ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டும். வயிற்றுப்பிள்ளைக்காரியை வைத்துக்கொண்டு பிரேக் விஷயத்தில் விளையாட முடியுமா?

நாலு கடை தள்ளி, பெரிய போர்டெல்லாம் வைத்து இன்னொரு பட்டறை இருந்தது. அங்கே போகலாமென்றால் கௌசிகா கேட்கவில்லை. இந்தச் சசிகுமாரிடம்தான் காட்ட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கடைசியில் அவளே இறங்கி, மெல்ல நடந்துபோய் அவன் முன்னால் நின்றாள்.

"வாங்க டீச்சர்" என்று உடனே எழுந்தான். ஊருக்கே கேட்கிற குரல். மரியாதை எல்லாம் டீச்சருக்கு மட்டும்தான் போல என்று பழனிமுத்து நினைத்துக்கொண்டார்.

சசிகுமார் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றான்.

"ஏனுங்க, என்ன சத்தம் வருதுங்க?"

"ஒரு மாதிரி உரசற சத்தம்."

"அப்படிச் சொன்னாப் பத்தாதுங்க. அதே மாதிரி சத்தம் போட்டுக் காட்டுங்க."

எதிரே டீக்கடை. மிளகு மூட்டையோடு பஸ்ஸுக்குக் காத்திருந்த ஏழெட்டுப் பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பழனிமுத்து மீசையைத் தடவுகிற சாக்கில் வாயை மறைத்துக்கொண்டு, "கீச்" என்றார்.

"கையை எடுத்துட்டு, என்னையப் பார்த்துச் சொல்லுங்க. வாயை நல்லாத் திறந்து."

"கிர்ர்ரீச்."

"இன்னொருக்கா. மெதுவா."

ஐந்து ஏக்கர் தோட்டக்காரர் நடுரோட்டில் நின்று கிர்ர்ரீச், கிர்ர்ரீச் என்றார். சசிகுமார் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் லேசான சிரிப்பு வேறு. டீக்கடை ராமாயி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மனிதர் கூனிக்குறுகிப் போனார்.

அப்புறம் கேள்விமேல் கேள்வி. பிரேக் மிதித்தால் மட்டுமா, மிதிக்காமலேயா? மிதிக்காமலேயும் வருகிறது. ரிவர்ஸ் எடுத்தால்? நின்றுவிடுகிறது. சசிகுமார் தலையை ஆட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு வெறுங்காலோடு காரில் ஏறினான். கண்ணாடிகளை இறக்கக்கூட இல்லை. பஸ் நிறுத்தம் வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்தான்.

கண்ணாடியை மூடிக்கொண்டு சக்கரத்தின் சத்தத்தைக் கண்டுபிடிக்கிற மெக்கானிக்கைப் பழனிமுத்து இப்போதுதான் பார்க்கிறார்.

"வேற ஆள்கிட்டப் போலாம் கண்ணு. இவன் நம்மள வெச்சு வேடிக்கை பண்றான்."

கௌசிகா கொஞ்சம் பொறுக்கச் சொன்னாள்.

சக்கரம் கழன்றது. பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்னாலிருக்கும் தகட்டுக்கும் நடுவில், புளியங்கொட்டை அளவில் ஒரு ஜல்லிக்கல் மாட்டியிருந்தது. அதை நெம்பி எடுத்தான். பிரேக் பேடு பாதிக்கு மேல் இருக்கிறது, பயமில்லை என்றான். ரெண்டாவது கியரிலேயே இறங்க வேண்டும், பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டே போகாமல் விட்டு விட்டு மிதிக்க வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் இரண்டு தடவை சொன்னான். சக்கரத்தை மாட்டும் முன் டிஸ்க்கைக் கையால் சுற்றிவிட்டு, இன்னொரு உள்ளங்கையை அதன் பக்கத்து இரும்பில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டான். திருப்தியான பிறகுதான் மாட்டினான்.

கிளம்பும்போது பழனிமுத்து போனால் போகிறதென்று, "வாரேன் தம்பி" என்றார். முதுகைக் காட்டிக்கொண்டு ஜீப்பைத் துடைக்கப் போய்விட்டவன் பதிலே பேசவில்லை.

முதல் பத்து வளைவுக்கு அவர் காதைத் தீட்டிக்கொண்டே ஓட்டினார். ஒரு சின்ன உரசல்கூட இல்லை. பாதி மலை இறங்கியபோதுதான் அவருக்கு மூச்சு சீரானது. மகள் நிம்மதியாகச் சாய்ந்திருந்தாள்.

"வேலைக்காரன்தான், ஒத்துக்கறேன். ஆனா வயசான மனுசனை ரோட்டுல நிக்க வெச்சுக் கத்த வுட்டான் பாரு. அந்தத் திமிருதான் ஆகாது."

"அவருக்குக் காது கேக்காதுங்கப்பா" என்றாள் கௌசிகா. "கெணறு வெட்ட வெச்ச வெடியில போயி எட்டு வருசமாச்சு. கீச்சுன்னா உதடு இழுக்கும், கர்ருன்னா வாய் பொளக்கும். உங்க வாயைப் பார்த்துத்தான் எந்தச் சத்தம்னு புடிச்சாரு. மிச்சத்தை அவரு கையும் காலும் சொல்லிரும்."

பழனிமுத்து அகலமான இடமாகப் பார்த்துக் காரை ஓரங்கட்டினார். மூன்று தடவை முதுகுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டதும், மீசையைத் தடவி வாயை மறைத்ததும் நினைவுக்கு வர, அவருக்கு வெட்கமாக இருந்தது.

"இதை மேலயே சொல்லியிருக்கலாமே சாமி. நானும் மரியாதையா நடந்திருப்பேனே."

"மரியாதையா நடந்திருப்பீங்க" என்றாள் மகள். "ஆனா, வண்டியை அவர்கிட்ட வுட்டிருப்பீங்களா?"