பதினோரு சொற்கள்

"குடும்ப வன்முறைச் சொல்லெல்லாம் வீட்டுப் பழுதுல எப்படிம்மா போய் உட்கார்ந்துச்சு?"

மேலாளர் கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். இலவசச் சட்ட உதவி மையத்தின் இணையதளம். சட்டச் சொற்களுக்கு எளிய விளக்கம் தரும் பகுதி. மொத்தம் நானூறு சொற்கள், பிரிவு பிரிவாக. பிரிவுகளுக்குப் பேர் வைத்ததும் சொற்களை அடுக்கியதும் அவள்தான். அலுவலகத்தில் அவளுக்கு ‘அகராதி’ என்றே பெயர். பாதி வேலைக்காக, பாதி வாய்க்காக.

"வாடகை வீட்டுல குழாய் ஒழுகினா யார் சரி பண்ணணும்னு சொல்ற பக்கம் இது. அதுக்குக் கீழ பாதுகாப்பு உத்தரவு. அதுக்குக் கீழ பெண்கள் காப்பகம். அப்புறம் ஜீவனாம்சம். எண்ணிட்டேன், பதினொண்ணு. நாலு மணிக்கு ஆய்வுக் குழு வருது. தூக்கத்துல பண்ணியா?"

"முழிச்சிக்கிட்டுதான் சார் பண்ணேன்."

"இந்த வாய்க்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல. உன் ஒப்பந்தம் இந்த மாசத்தோட முடியுது. நீட்டிக்கிற காகிதம் என் மேசையில இருக்கு, ஞாபகம் வச்சுக்கோ. முதல்ல இதை மாத்து."

"மாத்த மாட்டேன் சார்."

அறைக்கு வெளியே விசைப்பலகைச் சத்தம் சட்டென்று நின்றது. எல்லோருக்கும் காது இந்தப் பக்கம்தான்.

அகராதி எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"முன்னாடி அதுங்களுக்குத் தனிப் பிரிவுதான் சார் வச்சிருந்தேன். ‘குடும்ப வன்முறை’ன்னு பெரிய எழுத்துல. திறக்கிறவங்க நாலு செகண்டுல மூடிட்டு ஓடிடுவாங்க. விளக்கம் புரியலையோன்னு மூணு தடவை திருத்தி எழுதினேன். அப்பவும் நாலு செகண்டுதான்."

"அதனால?"

"போன மாசம் நம்ம போன் அக்காவுக்கு ஒரு அழைப்பு வந்துச்சு."

போன் அக்கா என்பவர் மையத்தின் உதவி எண்ணுக்கு வரும் அழைப்புகளை எடுப்பவர்.

"ஒரு பொம்பளை. அந்தப் பக்கத்தைப் பார்த்தது வீட்டுக்காரருக்குத் தெரிஞ்சு போச்சாம். போன்ல என்னென்ன பார்த்தாங்கன்னு தினமும் எடுத்துப் பார்ப்பாராம். போனையே புடுங்கிட்டாரு. பக்கத்து வீட்டுப் போன்லேருந்து பேசினாங்க. ஒரு கண்ணு திறக்க முடியலைன்னாங்களாம்."

மேலாளர் திரையை மறுபடி தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"அன்னிக்கே பதினொண்ணையும் இங்க கொண்டு வந்துட்டேன். பக்கத்தோட பேரு ‘வீட்டுப் பழுது: குழாய்’. போனை யார் எடுத்துப் பார்த்தாலும் அதுதான் தெரியும். கூப்பிடறவங்ககிட்ட மட்டும் போன் அக்கா ரகசியமா சொல்லிடுவாங்க, குழாய்ப் பக்கத்தைத் திறந்து கடைசி வரைக்கும் போங்கன்னு. இப்பல்லாம் ஆறு நிமிஷம் படிக்கிறாங்க சார்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.

"பொண்டாட்டி போனை நோண்டுறவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்றார். "இருக்கட்டும்மா. குழுவை நான் பார்த்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். குழுத் தலைவி குழாய்ப் பக்கத்தைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தியதும், "நான் சொல்லித்தான் இப்படி வச்சாங்க" என்று ஆரம்பித்து, நாலு செகண்ட், ஆறு நிமிஷம் எல்லாவற்றையும் வரிசை பிசகாமல் எடுத்துச் சொன்னார். குழுத் தலைவி எழுந்து அவருக்குக் கை கொடுத்தார்.

அகராதிக்குச் சிரிப்புத்தான் வந்தது. பெயர் யாருக்குப் போனால் என்ன, சொற்கள் இருந்த இடத்தில் இருந்தன. கிளம்பும்போது அவளுடைய ஒப்பந்தக் காகிதத்திலும் கையெழுத்து விழுந்திருந்தது.

மறுநாள் காலை அவள் வந்தபோது அலுவலகத்தில் இன்னும் விளக்குகூடப் போடவில்லை. மேலாளர் அவளுடைய மேசையருகே நின்றிருந்தார். கையில் போன் அக்காவின் அழைப்புப் பதிவேடு.

"இதுல பேரே எழுதறதில்லையா?"

"எழுதக் கூடாது சார். நீங்க போட்ட விதிதான்."

"ஊரு? வயசு? ஏதாவது?"

"எதுவுமே இல்ல சார். நேரம் மட்டும்தான்."

"போன் எடுக்கறவங்களுக்குக் கூப்பிட்டவங்க குரலாவது ஞாபகம் இருக்குமில்ல?"

"ஒரு நாளைக்கு நாப்பது குரல் கேக்கறாங்க. என்ன சார் விஷயம்?"

அவர் பதிவேட்டை மூடினார். மூடியதை மறுபடி திறந்தார்.

"அந்தப் பதினொண்ணையும் பழைய பிரிவுக்கே கொண்டு போ. பெரிய எழுத்துல பேர் போடு. இப்பவே, என் கண்ணு முன்னாடி."

"நேத்து குழு முன்னாடி நீங்கதானே சார்..."

"நேத்து அப்படிச் சொன்னேன். இன்னிக்கு இப்படிச் சொல்றேன்."

அகராதி உட்கார்ந்து கணினியைப் போட்டாள். திரை வெளிச்சத்தில்தான் கவனித்தாள், அவர் முகத்தில் சவரம்கூட இல்லை.

"மாத்தினதுக்குக் காரணம்னு ஒரு கட்டம் இருக்கு சார். அதை நிரப்பாம மாத்த முடியாது. என்ன போடட்டும்?"

அவர் பதிவேட்டை அவள் மேசையில் வைத்தார். பேசியபோது, குரல் அவருடையதாகவே இல்லை.

"நேத்து வீட்டுக்குப் போனதும், வழக்கம்போல என் வீட்டுக்காரி போனை வாங்கிப் பார்த்தேன். உன் குழாய்ப் பக்கம் இருந்துச்சு. ஒரு தடவை இல்ல, ஒன்பது தடவை."

அகராதி விசைப்பலகையிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்க வீட்டுல," என்றார் மேலாளர், "எந்தக் குழாயும் ஒழுகலம்மா."