பாக்கியிருந்த சத்தம்

கறவை மாடுகள் படும் வதையைப் பற்றி மகிழினி தானே எழுதி, தானே மெட்டமைத்துப் பாடிய பாட்டில் ஒரு சத்தம் மட்டும் பதிவு செய்யப் பாக்கியிருந்தது. பால் குடிக்கும் கன்றை மடியிலிருந்து பிரிக்கும்போது தாய்ப்பசு கதறும் சத்தம். மாட்டுக்காரர் பழனியப்பன் கயிற்றைப் பிடித்துக் கன்றை இழுத்தார். பசு கதறியது. அதே நேரம் சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. ஹெட்போனைக் கழற்றாமலே மகிழினி உதட்டைப் பிதுக்கினாள்.

"மறுக்கா குடிக்க உட்டு இழுக்கட்டுங்களா?" என்றார் அவர். தலையாட்டினாள்.

கன்று முட்டி முட்டிக் குடித்தது. அவர் இழுத்தார். இந்த முறை பசு கத்தவில்லை. முகத்தருகே நீட்டியிருந்த மைக்கையே பார்த்துக்கொண்டு நின்றது. ஹெட்போனில் மகிழினியின் மூச்சு மட்டும் பெரிதாகக் கேட்டது.

"கன்னு கத்துச்சுன்னா இதுவும் கத்துமுங்க." பழனியப்பன் கன்றின் காதை இரண்டு விரல்களால் பிடித்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "திருகட்டுங்களா?"

மகிழினி திரும்பிச் சாலையைப் பார்த்தாள். வண்டி எதுவும் வரவில்லை.