யாருக்காக இந்தப் பல்?

படியில் வழுக்கி விழுந்ததில் கணவருக்கு முன்பற்கள் போயின. அன்று முதல் அவர் சொல்வதில் பாதி அவளுக்குப் பிடிபடவில்லை. கழற்றி மாட்டுகிற பல்செட் வாங்கினார்; வாயைத் திறந்தாலே அது நழுவியது. இப்போது அடிக்கடி பல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிடுகிறார், அதுவும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு.

"எலும்புல திருகு வச்சுப் பல் கட்டறாங்களாமே? இந்த வயசுல யாரை மயக்கப் போறீங்க?" என்று மடக்கினாள்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதோடு பேச்சு முடிந்தது.

மறுமுறை அவர் கிளம்பியதும் பின்னாலேயே போய், சிகிச்சை அறைக் கதவின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தாள். இளம் பெண் டாக்டர் பக்கத்தில் நிற்க, கணவர் கைக்கண்ணாடியைப் பிடித்தபடி குழைந்து குழைந்து என்னவோ பேசிக்கொண்டிருந்தார். தன்னிடம் அவர் அப்படிப் பேசி மாதக்கணக்காயிற்று.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். "என்ன நடக்குது இங்க?"

டாக்டர் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு, அவள் கண்ணெதிரே வந்து நின்று நிதானமாகப் பேசினாள்.

"உங்களுக்குக் காது கேக்காதுன்னு சார் சொன்னார்மா. அவர் உதட்டைப் பாத்துத்தான் எல்லாம் புரிஞ்சுக்குவீங்களாமே. பல் போனதுலேர்ந்து அது சரியா முடியலையாம். இன்னைக்குத்தான் புதுப் பல் மாட்டினோம். உங்ககிட்ட பேசற மாதிரியே பேசிப் பாக்கறார்."

அவள் கணவர் பக்கம் திரும்பினாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா என்னவாம்?"

"உனக்காகன்னு தெரிஞ்சா எலும்பைத் துளைக்க விட்டிருப்பியா, சந்தேகப் பிராணி?"

ஒரு எழுத்துகூட விடாமல் அவளுக்குப் புரிந்தது.