அவருக்கு ரெண்டுதான்

"இதுவரைக்கும் எத்தனை தடவை கரு தங்கியிருக்கு?" என்று கேட்டதும் மலர்க்கொடி வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

வாசலில் அவள் கணவர் இளம்பரிதி சேற்றுழவுக்கு டிராக்டரில் மாட்டும் இரும்புக் கேஜ் வீலைச் சுத்தியலால் அடித்து நிமிர்த்திக்கொண்டிருந்தார். ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டது. வலங்கைமான் பக்கத்தில் எந்த மெக்கானிக்கும் அந்த வாரம் நிம்மதியாகச் சாப்பிட்டிருக்க மாட்டார்.

நாங்கள் கொல்லையில், துவைகல்லில் உட்கார்ந்திருந்தோம்.

"மூணுக்கா," என்றாள். "ஆனா அவருக்கு ரெண்டுதான்."

எனக்குப் புரியவில்லை. என் டேப்லெட்டுக்கும் புரியாது. அதில் எண்ணை நிரப்ப ஒரே ஒரு கட்டம்தான்.

கரு தங்கிக் கலைந்துபோன தம்பதிகளைப் பற்றிய ஆய்வு. ஒரு கல்லூரிக்காக வீடு வீடாகப் போய்க் கேட்கிறேன். மனைவியைத் தனியாக, கணவரைத் தனியாக. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் மூச்சு விடக் கூடாது. விட்டால் என் வேலை போகும்.

மலர்க்கொடி குரலைத் தணித்துச் சொன்னாள். முதல் இரண்டும் மூன்றாவது மாதத்தில் போயின.

"ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரியில நான் படுத்துக் கிடக்கேன். நர்ஸம்மா என்னை விட்டுட்டு அவருக்குத் தண்ணி குடுத்துக்கிட்டு நிக்கிறாங்க. அப்படி ஒரு அழுகை!"

சிரித்தாள். நானும் சிரித்துவிட்டேன். அப்படிச் சிரிக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள்.

மூன்றாவது கரு, நாள் தள்ளிப்போய்ப் பத்தே நாள்தான். கர்ப்பம் பார்க்கும் கிட்டில் பார்த்துவிட்டு, அவரிடம் சொல்ல நல்ல நாள் பார்த்துக்கொண்டிருந்தாளாம். அதற்குள் போய்விட்டது. வயிற்றுப்போக்கு என்று சொல்லிப் படுத்துக்கொண்டாள்.

"பாவம், மூணு நாள் வேலைக்குப் போகாம கஞ்சி வச்சுக் குடுத்தாரு. ஒண்ணும் தெரியாது அவருக்கு. நீங்க மூணுன்னே போட்டுக்குங்க. அவர்கிட்ட மட்டும் வாயத் திறந்துடாதீங்கக்கா."

மூன்று என்று போட்டேன்.

அடுத்த கேள்வி, இதைப் பற்றி யாரிடமாவது பேசியதுண்டா?

"இப்ப உங்ககிட்டதான்."

இளம்பரிதி என்னைக் கண்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவினார். கிரீஸ் போகவில்லை. கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வைவாவுக்கு வந்த மாணவர் மாதிரி என் முன்னால் உட்கார்ந்தார்.

வயது முப்பத்தாறு. படிப்பு ஐடிஐ. கல்யாணமாகி ஏழு வருஷம். எல்லாம் டக் டக்கென்று வந்தது.

எத்தனை தடவை கரு தங்கியது என்று கேட்டேன்.

அவர் கொல்லைப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மூணு," என்றார். "ஆனா அவ கேட்டா ரெண்டுன்னு சொன்னேன்னு சொல்லிடுங்க மேடம்."

என் விரல் திரையிலேயே நின்றுவிட்டது.

"ரெண்டு வருஷம் முன்னாடி, அவ தையல் மெஷினுக்கு எண்ணெய் விடலாம்னு டிராயரத் தொறந்தேன். கிட்டு இருந்துச்சு. ரெண்டு கோடு. அவ வாயால சொல்லட்டுமேன்னு காத்துக்கிட்டிருந்தேன். நாலாம் நாள் வயித்துப்போக்குன்னு படுத்துட்டா."

சுத்தியலை எடுத்து, பார்த்து, கீழே வைத்தார்.

"நானும் வயித்துப்போக்குன்னே வச்சுக்கிட்டேன். கஞ்சி வச்சுக் குடுத்துட்டு மோட்டார் கொட்டகைக்குப் போயிடுவேன். மோட்டாரப் போட்டுவிட்டுட்டா அழுதாலும் வெளில கேக்காது பாருங்க."

"யார்கிட்டயாவது பேசினதுண்டா?"

"யார்கிட்டங்க பேசுறது?"

மூன்று என்று போட்டேன். 'சேமிக்கப்பட்டது' என்றது டேப்லெட்.

இரண்டு வருஷமாக ஒரே வீட்டில் இரண்டு பேரும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் அதே மூன்றை வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. சொல்லக் கூடாது.

ஸ்கூட்டர் பக்கம் நடந்தேன். மலர்க்கொடி மோர் எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். அவர் மறுபடி சுத்தியலை எடுத்துக்கொண்டு கேஜ் வீலுக்குப் போயிருந்தார்.

"என்னக்கா, கேட்டதுக்கெல்லாம் ஒழுங்கா பதில் சொன்னாரா? எண்ணிக்கை சரியா சொன்னாரா?"

கேலியாகத்தான் கேட்டாள். கண்ணில் அவ்வளவு சிரிப்பு.

மோரைக் குடித்து முடித்தேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல்.

"சரியாத்தான் சொன்னாரு," என்றேன்.

டம்ளரை வாங்கிக்கொண்டு சிரித்தபடியே திரும்பினாள். இரண்டு எட்டு வைத்தாள். நின்றாள்.

"சரியாவா?"

நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்தேன். ஆனால் கிளம்பவில்லை. வண்டியின் பக்கக் கண்ணாடியைச் சரிசெய்வதுபோல் அவர்கள் பக்கம் திருப்பினேன்.

மலர்க்கொடி டிராக்டர் பக்கம் போனாள். அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் ஏதோ கேட்டாள். என் வண்டிச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை போலிருக்கிறது, காதைக் காட்டினார்.

அவள் டம்ளரை டிராக்டர் பானெட்டின் மேல் வைத்துவிட்டு, அவர் முகத்துக்கு நேராக மூன்று விரலை நீட்டினாள்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சுத்தியலைக் கீழே போட்டார். கிரீஸ் படிந்த கையால் அந்த மூன்று விரலையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.